நீங்கள் பிறந்த ஆண்டு பகா ஆண்டா?

வகுத்துப் பார்க்காமலே கண்டுபிடிக்க வழி

உங்களுக்கு ஒரு கேள்வி.

கையில் 91 ரூபாய் இருக்கிறது. அதை முழு ரூபாயாக, மீதி இல்லாமல், எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட வேண்டும். எத்தனை பேருக்குப் பங்கு போடலாம்?

2 பேருக்கு முடியாது. 3 பேருக்கு முடியாது. 5 பேருக்கும் முடியாது. "இது பங்கு போட முடியாத தொகை!" என்று பெரும்பாலோர் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள்.

விடக்கூடாது! 7 பேர் இருந்தால் ஆளுக்கு 13 ரூபாய் கொடுக்கலாம். கணக்கு நேராகிவிடும்.

91 இப்படிப் பலரை ஏமாற்றும் எண். காரணம், வாய்ப்பாட்டைப் பத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

பங்கு போடவே முடியாத எண்களும் உண்டு. அவற்றுக்குப் "பகா எண்" என்று பெயர். பகுக்க முடியாத எண் என்று பொருள்.

புளியங்கொட்டை போதும்

வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் 12 எண்ணி எடுங்கள். அவற்றை வரிசையாக அடுக்குங்கள். வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை வைக்கலாம். வரிசைக்கு 6 வீதம் 2 வரிசையும் வைக்கலாம்.

இப்போது இன்னும் ஒன்று சேர்த்து 13 ஆக்குங்கள். எப்படி அடுக்கினாலும் ஒரு வரிசையில் குறையும், அல்லது ஒன்று மிஞ்சும். ஒரே நீள வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 13 பகா எண்.

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்று பகா எண்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு முடிவே கிடையாது என்று கிரேக்க நாட்டு அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். (1 என்ற எண்ணை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.)

சிறிய எண் என்றால் புளியங்கொட்டையை அடுக்கிப் பார்க்கலாம். 1947? 2021? அவ்வளவு கொட்டைக்கு எங்கே போவது?

அதற்குத்தான் சில சோதனைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். காரணத்தைப் பல இடங்களில் சொல்வதில்லை. அது நியாயம் இல்லை. காரணம் தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம்!

2-ம் 5-ம் எல்லோருக்கும் தெரியும். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று இருந்தால் 2 அதை வகுக்கும். 0 அல்லது 5 என்று இருந்தால் 5 வகுக்கும். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. அடுத்ததுதான் சுவையானது.

மூன்று பேரும் நூறு ரூபாய் நோட்டும்

ஒரு எண்ணை 3 வகுக்குமா என்று பார்க்க, அதன் இலக்கங்களைக் கூட்டினால் போதும். கூட்டிய தொகையை 3 வகுத்தால் எண்ணையும் வகுக்கும்.

471-ஐப் பாருங்கள். 4-ம் 7-ம் 1-ம் சேர்ந்தால் 12. பன்னிரண்டை 3 வகுக்கும். ஆகவே 471-ஐயும் வகுக்கும்.

இது என்ன மாயம்? 471 எங்கே, 12 எங்கே?

மாயம் ஒன்றும் இல்லை. 471 ரூபாயை நோட்டாக நினைத்துப் பாருங்கள். நாலு நூறு ரூபாய் நோட்டு. ஏழு பத்து ரூபாய் நோட்டு. ஒரு ஒற்றை ரூபாய்.

ஒரு நூறு ரூபாய் நோட்டை மாற்றி 3 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 33 ரூபாய் போக 1 ரூபாய் மிஞ்சும். ஒரு பத்து ரூபாய் நோட்டை மாற்றிக் கொடுத்தால் ஆளுக்கு 3 ரூபாய் போக, அதிலும் 1 ரூபாய்தான் மிஞ்சும். ஆகவே எந்த நோட்டாக இருந்தாலும் நோட்டுக்கு 1 ரூபாய் மிச்சம்!

நாலு நூறில் 4 ரூபாய் மிச்சம். ஏழு பத்தில் 7 ரூபாய் மிச்சம். ஒற்றை ரூபாய் 1. மொத்த மிச்சம் 12 ரூபாய். அதையும் ஆளுக்கு 4 என்று கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. இலக்கங்களைக் கூட்டுவது என்பது இந்த மிச்சக் கணக்குத்தான்.

பதினொரு பேர் வந்தால்?

இதே பணத்தை 11 பேருக்குப் பிரித்தால் கதை கொஞ்சம் மாறும்.

நூறு ரூபாயில் ஆளுக்கு 9 கொடுத்தால் 1 மிஞ்சும். ஆனால் பத்து ரூபாயில் ஆளுக்கு 1 கொடுக்க 1 ரூபாய் குறையும். ஆயிரம் ரூபாயில் ஆளுக்கு 91 கொடுக்க வேண்டுமானால் 1,001 ரூபாய் வேண்டும். அங்கேயும் 1 குறைவு. ஒரு இடத்தில் மிச்சம், அடுத்த இடத்தில் குறைவு என்று மாறி மாறி வரும்.

அதனால் 11-க்குக் கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழிக்க வேண்டும்.

நாம் சுதந்திரம் பெற்ற 1947-ஐ எடுத்துக்கொள்வோம். 7-லிருந்து 4-ஐக் கழித்தால் 3. அதோடு 9-ஐக் கூட்டினால் 12. அதில் 1-ஐக் கழித்தால் 11. சரியாக 11 வந்துவிட்டது! ஆகவே 1947-ஐ 11 வகுக்கும். இப்படிக் கழித்து 0 வந்தாலும் வகுக்கும் என்றே பொருள்.

அதோடு 1, 9, 4, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 21. அதனால் 3-ம் வகுக்கும். 1947 என்பது 3, 11, 59 ஆகியவற்றைப் பெருக்கிய தொகை. அது பகா ஆண்டு அல்ல.

முரட்டு ஏழு

ஏழைக் கண்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள். அதற்கு விதியே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. விதி இருக்கிறது.

கடைசி இலக்கத்தை வெட்டுங்கள். வெட்டியதை இரட்டிப்பாக்கி, மீதி இருக்கும் எண்ணிலிருந்து கழியுங்கள். வந்ததை 7 வகுத்தால் முதல் எண்ணையும் வகுக்கும்.

413-ல் 3-ஐ வெட்டினால் நிற்பது 41. மூன்றின் இரட்டிப்பு 6. 41-ல் 6 போனால் 35. அதை 7 வகுக்கும். ஆகவே 413-ஐயும் வகுக்கும். 91-ல் 1-ஐ வெட்டினால் 9. அதில் 2 போனால் 7. அகப்பட்டது!

ஏன்? 21-ஐ 7 வகுக்கும் அல்லவா? ஆகவே ஒரு எண்ணிலிருந்து எத்தனை 21-ஐ எடுத்தாலும் 7-ன் கணக்கு கெடாது. 413-ன் கடைசி இலக்கம் 3. மூன்று 21 என்றால் 63. 413-ல் 63 போனால் 350. கடைசியில் பூஜ்யம் விழுந்துவிட்டது. அதைத் தள்ளினால் 35. (பத்தை 7 வகுக்காது. அதனால் பூஜ்யத்தைத் தள்ளுவதால் 7-க்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.)

இந்த ஒரு யோசனை பிடிபட்டால் மற்றப் பகா எண்களுக்கும் விதியை நீங்களே செய்துகொள்ளலாம். வழி இதுதான்: அந்த எண்ணின் மடங்குகளில் 1-ல் முடிவது எது, 9-ல் முடிவது எது என்று பாருங்கள். 1-ல் முடிந்தால் அதைக் கழிக்கலாம். 9-ல் முடிந்தால் அதைக் கூட்டலாம். இரண்டிலும் கடைசியில் பூஜ்யம் விழும்.

13-க்கு 39 இருக்கிறது, கூட்டுங்கள். 17-க்கு 51, கழியுங்கள். 19-க்கு அதுவே 9-ல் முடிகிறது, கூட்டுங்கள். 23-க்கு 69. 29-க்கும் 31-க்கும் தேடவே வேண்டாம்.

டாக்சியின் எண்

நம் ஊர்க் கணித மேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் இங்கிலாந்தில் நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பேராசிரியர் ஹார்டி பார்க்கப் போனார். தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அது ஒரு சுவையற்ற எண்ணாகத் தெரிகிறது என்றும் சொன்னார். ராமானுஜன் அதை மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்று உடனே சொன்னார். 1-ன் கனத்தையும் 12-ன் கனத்தையும் கூட்டினாலும் 1729. 9-ன் கனத்தையும் 10-ன் கனத்தையும் கூட்டினாலும் 1729.

இது பலருக்கும் தெரிந்த கதை. 1729-ஐ நம் சோதனைகளில் போட்டுப் பார்ப்போம்.

7-க்கு: 172-லிருந்து 18-ஐக் கழித்தால் 154. அது 7-ன் மடங்கு.

13-க்கு: ஒன்பது 39 என்றால் 351. அதை 1729-உடன் கூட்டினால் 2080. பூஜ்யம் போனால் 208. அது 13-ன் மடங்கு.

19-க்கு: ஒன்பது 19 என்றால் 171. அதைக் கூட்டினால் 1900. பூஜ்யங்களைத் தள்ளினால் மிஞ்சுவது 19!

மூன்று சோதனையிலும் அகப்பட்டுக்கொண்டது. 7, 13, 19 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1729.

வீட்டில் ஒரு வேடிக்கை

மாமா வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் இதைச் செய்து காட்டலாம்.

மூன்று இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். 357 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதையே பக்கத்தில் மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். 357357 ஆகும். இதை 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதி வராது. வந்த விடையை 11-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதி வராது. அந்த விடையை 13-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். முதலில் எழுதிய 357 வந்து நிற்கும்!

எந்த எண்ணை எழுதினாலும் இப்படித்தான் ஆகும். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை எழுதுவதும் 1001-ஆல் பெருக்குவதும் ஒன்றே. மாமா பெருக்கினார், நீங்கள் வகுத்தீர்கள். அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது?

ஒரு எண்ணை எதுவும் வகுக்கவில்லை என்றால் எத்தனை எண்களைச் சோதித்த பிறகு "பகா எண்" என்று முடிவு கட்டலாம்?

2021-ஐ எடுத்துக்கொள்வோம். 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. அது 2021-ஐவிட அதிகம். 2021 இரண்டு எண்களாகப் பிரிந்தால் இரண்டுமே 45-ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க முடியுமா? முடியாது. இருந்தால் பெருக்கல் தொகை 2025-ஐத் தொட்டுவிடும். ஆகவே ஒன்றாவது 45-க்குக் கீழே இருந்தே தீர வேண்டும். 45-க்குக் கீழே உள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவை மொத்தம் 14. (4, 6, 9 போன்றவற்றைச் சோதிக்க வேண்டாம். 2-ம் 3-ம் வகுக்காத எண்ணை அவையும் வகுக்கமாட்டா.)

சோதனையை ஆரம்பிப்போம். 2, 5 இல்லை. இலக்கங்களின் கூட்டல் 5. ஆகவே 3-ம் இல்லை. 7-க்கு 21-ஐக் கழித்தால் 2000, பூஜ்யங்கள் போக 2, இல்லை. 11-ம் இல்லை. 13-க்கு 206 வருகிறது, 11 மிஞ்சுகிறது. 17-க்கு 197, 10 மிஞ்சுகிறது. 19-க்கு 204, 14 மிஞ்சுகிறது. 23-க்கு 209, அருகில் வந்து 2-ல் தப்புகிறது. 29-க்கு 205, மறுபடியும் 2-ல் தப்புகிறது! 31, 37, 41 எதுவும் இல்லை.

பதின்மூன்று சோதனை முடிந்துவிட்டது. பகா எண்தான் என்று பேனாவை மூடிவிடத் தோன்றும்.

மிச்சம் இருப்பது 43 ஒன்றுதான். 43-ன் மடங்குகளில் 129 என்பது 9-ல் முடிகிறது. 2021-உடன் அதைக் கூட்டினால் 2150. பூஜ்யம் போனால் 215. ஐந்து 43 எவ்வளவு? 215!

கடைசிச் சோதனையில் மாட்டிக்கொண்டது. 43-ஐ 47-ஆல் பெருக்கினால் 2021. ஒரே ஒரு சோதனையை விட்டிருந்தால் தவறான விடை எழுதியிருப்போம்.

மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

2021-க்குப் பதினாலு சோதனை போதும். எண் பெரிதானால் என்ன ஆகும்?

2-ஐ 67 முறை எழுதி எல்லாவற்றையும் பெருக்குங்கள். அதில் 1-ஐக் கழியுங்கள். 147573952589676412927 என்ற 21 இலக்க எண் வரும். இது பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-ல் எழுதிவைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது தவறு என்று யாரும் காட்டவில்லை.

1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண் அதை வகுக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை! வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்பது நிச்சயம், ஆனால் எந்த அறையில் என்று தெரியாது என்பது போன்ற நிலைமை.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணித அறிஞர்கள் கூடினார்கள். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் பேச எழுந்தார். பேசவில்லை. கரும்பலகைக்குப் போய் அந்த 21 இலக்க எண்ணைக் கணக்குப் போட்டு எழுதினார். பக்கத்தில் 193707721 என்றும் 761838257287 என்றும் எழுதி, இரண்டையும் கையால் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தன. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்தார். கூட்டம் கை தட்டியது என்று சொல்வார்கள். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிறகு கேட்டதற்கு, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் சொன்னாராம்.

நம் முதல் சோதனை இந்த எண்ணுக்கும் பயன்படும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 109 வரும். ஆகவே 3 வகுக்காது. ஆனால் ஒவ்வொரு பகா எண்ணாகச் சோதித்துக்கொண்டே போனால் 193707721-ஐ அடைவதற்கு முன் ஒரு கோடிக்கு மேற்பட்ட பகா எண்களைத் தாண்ட வேண்டும். ஒரு ஆயுள் போதாது. கோல் அப்படிச் செய்யவில்லை. எந்தெந்த எண்கள் வகுக்கவே முடியாது என்று கூட்டம் கூட்டமாக ஒதுக்கிவிட்டு, மீதியில் தேடினார்.

பணத்துக்குப் பூட்டு

பெருக்குவது சில நிமிட வேலை. பிரிப்பது மூன்று ஆண்டு வேலை. இந்த வித்தியாசம் இன்று நம் பணத்தைக் காக்கிறது!

1977-ல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் இதைக் கொண்டு ஒரு ரகசியப் பூட்டு செய்தார்கள். 300-க்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 600-க்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரும். அதுவே பூட்டு. அதை ஊரறியக் காட்டலாம். அந்த இரண்டு பகா எண்களும்தான் சாவி. இன்றுள்ள கம்ப்யூட்டர்களுக்கும் அவ்வளவு பெரிய எண்ணைப் பிரித்துச் சாவியை எடுக்கும் வழி தெரியாது. வங்கிகளும் கம்பெனிகளும் இணையத்தில் பயன்படுத்தும் பூட்டுகளில் இதுவும் ஒன்று.

பூட்டு செய்ய முதலில் பெரிய பகா எண் வேண்டும். 300 இலக்க எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க முடியுமா? முடியாது. லூக்கா செய்தது போல, வகுக்கும் எண்ணைத் தேடாமலே பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் சோதனை வேண்டும். அப்படிச் சில விரைவான சோதனைகள் உண்டு. அவை மிக மிக அபூர்வமாக ஏமாறக்கூடும்.

ஏமாறவே ஏமாறாத, எந்த எண்ணுக்கும் பொருந்துகிற, இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டு மீறிப் போகாத சோதனை உண்டா? உலகம் தேடிக்கொண்டிருந்த இந்த விடை 2002-ல் இந்தியாவிலிருந்து வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். மாணவர்கள் இருவரும் அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த இளைஞர்கள். நடைமுறை வேலைக்குப் பழைய விரைவுச் சோதனைகளே போதுமானதாக இருக்கின்றன. ஆனாலும் அப்படி ஒரு வழி உண்டு என்று முதலில் காட்டியவர்கள் இவர்களே.

2024 அக்டோபரில் ஒரு பகா எண் அகப்பட்டது. 2-ஐ 136279841 முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் எண் அது. அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள்! அதுவரை தெரிந்த பகா எண்களில் அதுவே பெரியது.

உங்கள் ஆண்டு எது?

இனி உங்கள் பிறந்த ஆண்டைச் சோதித்துப் பாருங்கள். 1931-லிருந்து 2024 வரை பிறந்த எவருக்கும் 45-க்குக் கீழே உள்ள அந்த 14 பகா எண்களே போதும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு: 1931, 1933, 1949, 1951, 1973, 1979, 1987, 1993, 1997, 1999, 2003, 2011, 2017 ஆகியவை பகா ஆண்டுகள். 1952 முதல் 1972 வரை பிறந்தவர்களில் ஒருவருக்கும் பகா ஆண்டு கிடையாது. 2017-க்கு அடுத்தது 2027. அதற்கு 45-ஐயும் தாண்ட வேண்டாம்; 47-ன் வர்க்கம் 2209 அல்லவா? அதற்கு அடுத்தது 2029. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள 2028 ஏன் பகா ஆண்டு அல்ல என்பதைக் கடைசி இலக்கத்தைப் பார்த்தே வீட்டில் உள்ள சின்னப் பிள்ளை சொல்லிவிடும்.